ஹோம்ஸ்கூலிங் செக்லிஸ்ட்: மூன்றாவது வாரம் ஏன் படுத்துவிடுகிறது?

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் வீடுகளில், அன்றைய பாடவேலைகளை எழுதிச் செக்லிஸ்ட் ஒட்டிய முதல் வாரம் பிள்ளைகள் ஆசையாக டிக் அடிப்பார்கள். மூன்றாவது வாரம் தாள் சும்மா தொங்கும், அம்மா பழையபடி "கணக்கு போட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைக்குச் சோம்பல் என்று நினைக்குமுன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

"கணக்கு", "தமிழ்", "அறிவியல்" என்று பாடப் பெயரை மட்டும் எழுதியிருந்தால் மற்ற சிக்கல்கள் பலவும் அங்கிருந்தே கிளம்பும். எதுவரை செய்தால் முடிந்தது என்று அந்த வரி சொல்வதில்லை. பிள்ளை இரண்டு கணக்கு போட்டுவிட்டு டிக் அடிக்கும், நீங்கள் பத்து எதிர்பார்த்திருப்பீர்கள். "பின்னக் கூட்டல், பக்கம் 42, 1 முதல் 6 வரை, விடையைச் சரிபார், தப்பானதைத் திரும்பப் போடு" என்று எழுதுங்கள். "7-ஆம் வாய்ப்பாடு, பார்க்காமல் ஒருமுறை சொல்" என்பதும் சரியான வரிதான். யாரையும் கேட்காமல் பிள்ளையே முடிந்ததா இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூட டைம்டேபிள் போல 9.00–9.45 என்று நேரம் போடாதீர்கள். விருந்தாளி வந்தாலோ கரண்ட் போனாலோ முதல் வரி தள்ளிப்போய் நாள் முழுக்கக் குலையும். ஆன்லைன் வகுப்பு, பாட்டு வகுப்பு தவிர மற்றதற்கு வரிசை மட்டும் போதும். அந்த வரிசையைப் பிள்ளையே மாற்றிக்கொள்ளட்டும். பாதி உற்சாகம் அதில்தான் வருகிறது.

வரிகளின் எண்ணிக்கையும் அளவு மீறிவிடும். 6, 7 வயதுக்கு 4 வரி, பக்கத்தில் சின்னப் படம். 10 வயதுக்கு 6, அதற்கு மேல் 8. பல் தேய்ப்பதையும் போர்வை மடிப்பதையும் சேர்த்து 15 வரியாக்கினால் படிப்பு அதில் காணாமல் போகும். முடியாததை மறுநாளில் ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து: புதன்கிழமைக்குள் வட்டிக் கடன் மாதிரி ஏறி நிற்கும், பிள்ளை தாளையே பார்க்காது. ஒரு வரி மட்டும் மறுநாளுக்குப் போகலாம். மீதியை வாரக்கடைசியில் நீங்களும் பிள்ளையும் உட்கார்ந்து பார்த்து, தேவையற்றதை அடித்துவிடுங்கள்.

டிக்குக்கு ஒரு சாக்லேட் என்பது வேலை செய்வதுபோலத் தெரியும். 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசையாக இருந்த மழலையர் வகுப்புப் பிள்ளைகளில், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. தானாகப் புத்தகம் எடுக்கிற பிள்ளைக்கு வாசிப்பு வரியில் பரிசு வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் விளையாடப் போகலாம் என்பது போதும்.

பத்தாம் வகுப்பை என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக எழுதும் பிள்ளைகள் வீட்டில் இன்னொரு ஓட்டை உண்டு. அன்றாடத் தாளில் பாடம் இருக்கும், டி.எம்.ஏ. எனப்படும் ஒப்படைப்பு இருக்காது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். அதற்கு மாதத் தாள் தனியாக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி எடுப்பது, வரைவு, நல்ல பிரதி, சமர்ப்பிப்பு என்று நான்கு கட்டம். சமர்ப்பித்ததற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்திய பிறகே கடைசிக் கட்டத்தில் டிக்.