பெட்டை நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை: நாள் கணக்கிடும் முறை

முதல் வேலை, நாய் பருவத்துக்கு வந்து ரத்தம் கண்ட நாளைக் காலண்டரில் வட்டமிடுவது. நாய்க்கு மற்ற கணக்கெல்லாம் அந்த நாளிலிருந்துதான். முதல் பருவம் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் வரும்; பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். சில நாய்கள் ரத்தத்தை நக்கியே துடைத்துவிடும். பிறப்புறுப்பில் வீக்கம் கண்டதும் தினமும் காலையில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.

சுமார் 9 நாள் கசிவு சிவப்பாக இருக்கும், கடுவனை (ஆண் நாயை) அண்டவிடாது. பிறகு நிறம் வெளிறும். 'ரத்தம் நின்றுவிட்டது' என்று பலர் அவிழ்த்துவிடுவது அப்போதுதான். சினை பிடிப்பதும் அப்போதுதான்! வட்டமிட்ட நாளிலிருந்து 4 வாரம் வெளியே தனியாக விடாதீர்கள்.

பருவத்தில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். அப்போது கருத்தடை அறுவை செய்தால் ரத்தக்கசிவு கூடும். பருவம் முடிந்த கையோடு செய்தால் பால் சுரந்து பொய்ச்சினை வரலாம். பருவம் முடிந்து 2 முதல் 3 மாதம் கழித்துச் செய்வதே நல்லது. ஜூன் 1 ரத்தம் கண்டால், அந்த 4 வாரம் போக, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள். ஐப்பசி மழையில் தரை ஈரமாவதற்குள் தையலும் ஆறிவிடும்.

நம்மூர்ப் பூச்சைக்கு (பூனைக்கு) இந்தக் கணக்கு உதவாது. ரத்தம் வராது, கத்தும், உருளும், பின்புறத்தைத் தூக்கும். பகல் நீளம் அதிகம் மாறாத குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுக்க, 2, 3 வாரத்துக்கு ஒருமுறை பருவம் திரும்பும். 5 மாதம் ஆவதற்குள் செய்துவிடுங்கள்.

அறுவைக்கு முன் ரத்தத் தட்டணு எண்ணிக்கை பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் அது குறைந்தால் ரத்தம் உறையத் தாமதமாகும். வளர்ந்த நாய்க்கு முந்தைய இரவுக்குப் பின் உணவு கூடாது. குட்டிக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலையில் பாவம் பார்த்து யாராவது பழஞ்சியும் (பழைய சோறு) மீன்முள்ளும் போட்டுவிடுவார்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்: மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அறுவைக்குப் பிறகு 10 முதல் 14 நாள், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. குளிப்பாட்டக் கூடாது, காயத்தில் மஞ்சளோ தேங்காயெண்ணெயோ கூடாது. தையலைத் தினம் இருமுறை பாருங்கள்.

காலண்டரைத் தள்ளிவைக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் சோர்ந்து, தண்ணீராகக் குடித்து, நாற்றமுள்ள கசிவு வந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சிலவற்றில் கசிவே வெளியே வராது, வயிறு மட்டும் உப்பும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.