வம்சாவளி மாநாட்டுல பேச அப்ளை பண்றது எப்படி? ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆனவன் சொல்றேன்

எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போனவர், அதுக்கப்புறம் லெட்டர் கிடையாது தகவல் கிடையாது. அவர தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. சரி இத வெளிய சொல்லலாமேன்னு குடும்ப வேர்களைத் தேடுறவங்க கூடுற வெளிநாட்டு வம்சாவளி மாநாடு ஒண்ணுக்கு, பேச வாய்ப்பு கேட்டு எழுதிப் போட்டேன், "வருந்துகிறோம்"னு மெயில் வந்துச்சு. அடுத்த வருஷமும் அதே மெயில். மூணாவது தடவைதான் ஓகே ஆச்சு. நான் எங்க கோட்டை விட்டேன்னு சொன்னா உங்களுக்கு ரெண்டு வருஷம் மிச்சம்.

மொதல்ல எங்க போடுறதுன்னு பாருங்க. பெருசுன்னா அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டில ஃபேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி அமைப்பு நடத்துற ரூட்ஸ்டெக் மாநாடு. 2011ல ஆரம்பிச்சது, 2021ல முழுசா ஆன்லைன்ல இலவசமா நடத்தினாங்க. அது போக சின்னச் சின்ன சொசைட்டிகள் ஸூம்ல மாசாமாசம் பேச்சு வைக்கிறாங்க. என் கட்சி என்னன்னா மொத தடவை சின்ன இடத்துல பேசுங்க, அந்த ரெக்கார்டிங் லிங்க் இருந்தா பெரிய மாநாட்டுக்குப் போடும்போது நல்லா உதவும், நிறைய ஃபார்ம்ல "முன்னாடி பேசின வீடியோ இருக்கா"ன்னே கேப்பாங்க. பேச ஆள் கேக்குற அழைப்பு மாநாட்டுக்குப் பல மாசம் முன்னாடியே வந்து மூடிடும், அதனால மெயிலிங் லிஸ்ட்ல சேர்ந்து வச்சிருங்க.

அடுத்தது தலைப்பும் சுருக்கமும். நான் விழுந்தது இங்கதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொத தடவை நான் அனுப்பினது எங்க தாத்தா கதை. கப்பல், கண்ணீர், பாட்டி வச்சிருந்த பித்தளைச் செம்பு, எல்லாம் இருந்துச்சு. அத வாசிச்சுப் பாத்த ஒரு அக்கா (அவங்க தேர்வுக் குழுல இருந்தவங்க, இந்த மாநாடு இல்ல, வேற) நேராவே கேட்டாங்க: "தம்பி, உன் தாத்தாவ நீ கண்டுபிடிச்சிட்ட, சந்தோஷம். கேக்க வர்றவங்க அவங்க தாத்தாவ கண்டுபிடிக்க இதுல என்ன இருக்கு?" பதில் சொல்ல முடியல. கதை இருந்துச்சு, வழி இல்ல.

அப்புறம் யோசிச்சேன். நான் நாலு வருஷம் எதுல மாட்டினேன்? பேர்ல இல்ல, ஊர்லதான். நேட்டாலுக்கு 1860லேருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலியா போனாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா. அந்தக் கப்பல் பட்டியல்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனி நம்பர் (அவருக்குன்னு கொடுத்த பதிவு எண்), பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, ஊர், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் இருக்கும். எங்க ஆளுக்கு ஜில்லா சேலம்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்லயோ வாணியம்பாடி பக்கம்னு சொல்வாங்க. இது நம்ம ஆளே இல்லன்னு ஒரு வருஷம் தூக்கி ஓரமா வச்சிட்டேன்!

விஷயம் என்னன்னா, வாணியம்பாடி அப்போ திருப்பத்தூர் தாலுகா, திருப்பத்தூர் அப்போ சேலம் ஜில்லா. 1911ல தான் வட ஆற்காட்டுக்கு மாத்தினாங்க. திருவண்ணாமலையும் அதே வருஷம்தான் தென் ஆற்காட்டுலேருந்து இங்க வந்துச்சு, இப்போ ஆந்திராவுல இருக்கிற சித்தூர் வட ஆற்காட்டுலேருந்து தனி ஜில்லாவா பிரிஞ்சு போனதும் 1911. நேட்டாலுக்கு ஆள் அனுப்புறத நிறுத்தினதும் அதே 1911. ஆக அந்தப் பட்டியல் மொத்தமும் பழைய மேப்லதான் இருக்கு, நாம தேடுறது புது மேப்ல. பட்டியல்ல வட ஆற்காடுன்னு இருந்தா இன்னைக்கு அது ஆந்திராவுல கூட இருக்கலாம்.

மூணாவது தடவை இதையே தலைப்பா வச்சேன்: "பட்டியல்ல இருக்கிற ஜில்லா இன்னைக்கு எங்க இருக்கு?" சுருக்கத்துல நாலே வாக்கியம். யாருக்கு இந்தப் பிரச்சனை வரும், ஏன் வருது, நான் என்ன செஞ்சு காட்டப் போறேன், கேட்டுட்டுப் போறவங்க கையில என்ன இருக்கும் (ஒரு பக்கத்துக்குப் பழைய ஜில்லா–புது மாவட்டம் அட்டவணை). தாத்தா ஒரே ஒரு உதாரணமா வந்துட்டுப் போனார். பித்தளைச் செம்பு கட்.

அவுட்லைன் கேட்டா நிமிஷக் கணக்கோட கொடுங்க. 45 நிமிஷம்னா 35க்குத் திட்டம் போடுங்க, மீதி கேள்விக்கு. லைவ்வா வெப்சைட் திறந்து காட்டுறேன்னு வாக்கு கொடுக்காதீங்க, நெட் காலை வாரும், ஸ்கிரீன்ஷாட் போதும்.

டூல்ஸ்: ஃபார்ம்ல நேரா டைப் பண்ணாதீங்க. கூகுள் டாக்ஸ்ல எழுதி காப்பி பேஸ்ட் பண்ணுங்க, எனக்கு ஒரு தடவை லாகவுட் ஆகி ஒன்றரை மணி நேர வேலை போச்சு. வம்சாவளி சாஃப்ட்வேர் ஸ்லைடுக்கு அழகா சார்ட் போட்டுத் தரும்தான், ஆனா பின்வரிசைல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் எக்ஸல் கட்டத்தையே பெருசாக்கிப் போட்டேன். சாட்ஜிபிடி கிட்ட சுருக்கம் எழுதச் சொல்லாதீங்க, இங்கிலீஷ் பிழை பாக்க மட்டும் கொடுங்க.

உயிரோட இருக்கிற சொந்தக்காரங்க பேரு, பிறந்த தேதி, போட்டோ எதுவும் அவங்கள கேக்காம ஸ்லைடுல போடக்கூடாது. சாதிக் கட்டத்த நான் மறைச்சுட்டுத்தான் காட்டினேன். அது ஆராய்ச்சிக்குத் தேவைப்படும், சரி, ஆனா என் அத்தை பேரன் ஸ்கூல்ல படிக்கிறான், அவன் பேரோட சேர்த்து அது யூடியூப்ல சுத்த வேண்டாம்.

கடைசி தேதி: சால்ட் லேக் நேரம் ராத்திரி 11:59ன்னு போட்டிருந்தா நமக்கு மறுநாள் காலைல 11:29, அவங்க குளிர்காலம்னா 12:29. இருந்தாலும் ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிருங்க.

அப்டேட்: கமெண்ட்ல மூணு பேர் "லாஸ்ட் நேம் கட்டத்துல என்ன போட"ன்னு கேட்டிருக்கீங்க. நான் இனிஷியல மட்டும் போட்டேன், நிகழ்ச்சி நிரல்ல ஒத்தை எழுத்து மிஸ்டர் ஆயிட்டேன். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, நேர்ல போறதா இருந்தா விசா லெட்டருக்கும் அதே பேர்தான் வேணும்.

அப்டேட் 2: காசு தருவாங்களான்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். இடத்துக்கு இடம் மாறும். சில இடத்துல சன்மானம், சில இடத்துல நுழைவுக் கட்டணம் மட்டும் இலவசம், டிக்கெட் செலவு நம்ம தலைல. அதனாலதான் நான் ஃபார்ம்ல ஆன்லைன் பேச்சுன்னு டிக் அடிச்சேன், ராத்திரி ஒன்றரை மணிக்குச் சட்டை மாட்டிக்கிட்டு லுங்கியோட பேசினேன்.