அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாமல் மருத்துவரைப் பார்ப்பது எப்படி?

வேலை போனதோடு இன்சூரன்ஸும் போயிருக்கும். அல்லது பகுதி நேர வேலை என்பதால் முதலாளி எதுவும் தந்திருக்க மாட்டார். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு எடுத்த பயணக் காப்பீடு, பழைய சர்க்கரை நோய்க்குச் செல்லாது என்று கையை விரித்திருக்கும். இப்படி மாட்டிக்கொண்டால் நம்மில் பலர் முடிந்தவரை பொறுத்துக்கொள்கிறோம், முடியாமல் போனதும் எமர்ஜென்சிக்கு ஓடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி இருக்கிறது. ஆனால் அது தானாக வராது. சலுகை வேண்டும் என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதுவும் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே.

படி 1: அவசரமா, இல்லையா?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, நிற்காத ரத்தப்போக்கு என்றால் மேற்கொண்டு படிக்காமல் 911-ஐ அழையுங்கள். 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் பெறும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, காப்பீடு இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும். இலவசமாகச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, பில் பின்னாலேயே வரும். அதனால் காய்ச்சல், இருமல், பிரஷர் மாத்திரை தீர்ந்தது போன்றவற்றுக்கு அங்கே போகாதீர்கள்.

படி 2: எந்த மாதிரி இடம்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, மத்திய அரசின் நிதியில் நடக்கும் சமூக சுகாதார மையம், அதாவது கம்யூனிட்டி ஹெல்த் சென்டர். இங்கே எல்லாம் இலவசம் அல்ல. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறையும், இதற்கு ‘ஸ்லைடிங் ஃபீ’ என்று பெயர். கட்ட வசதியில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. முதல் மையங்களில் ஒன்று 1965-இல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்டில் தொடங்கியது. அதைத் தொடங்கிய மருத்துவர்களில் ஒருவரான ஜாக் கைகர் அடுத்து மிசிசிப்பிக்குப் போனார். அங்கே சத்துக் குறைவான குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்து, மருந்துக்கான பணத்தில் கடைக்காரருக்குக் கொடுக்க வைத்தார். அரசு கேள்வி கேட்டபோது, சத்துக் குறைவுக்கு மருந்தே உணவுதானே என்றாராம். எனக்கு மிகவும் பிடித்த மருந்துச் சீட்டு அது!

இன்னொன்று, தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீ கிளினிக். பெரும்பாலும் கட்டணமே இருக்காது. ஆனால் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். காப்பீடு இல்லாதவர் மட்டும், இந்த கவுன்ட்டியில் இருப்பவர் மட்டும் என்று வரம்புகளும் இருக்கலாம். சர்க்கரை, பிரஷர் என்று தொடர்ந்து பார்க்க வேண்டிய உடம்புக்கு முதல் வகைதான் சரி என்பது என் கருத்து.

படி 3: தேடுவது

எச்.ஆர்.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பின் ‘ஃபைண்ட் எ ஹெல்த் சென்டர்’ பக்கத்தில் உங்கள் ஜிப் கோடைப் போடுங்கள். பக்கத்து மையங்கள் வரிசையாக வரும். 211 என்ற எண்ணை அழைத்தாலும் பெரும்பாலான இடங்களில் சொல்வார்கள்.

படி 4: போனில் என்ன கேட்பது?

எடுத்த எடுப்பில், “ஐ டோன்ட் ஹேவ் இன்சூரன்ஸ். டூ யூ ஹேவ் எ ஸ்லைடிங் ஃபீ ப்ரோக்ராம்?” என்று கேளுங்கள். அப்புறம், முதல் தடவை வரும்போது எவ்வளவு கட்ட வேண்டும், என்னென்ன தாள்கள் வேண்டும், பல் மருத்துவம் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்காகக் கேட்பதென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். யாரைச் சேர்ப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும், நேரில் போய்த் திரும்புவதைவிட இது மேல். ஆங்கிலம் தடுமாறினால் “டமில் இன்டர்பிரட்டர்” என்று கேளுங்கள். அரசு நிதி பெறும் இடங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், பெரும்பாலும் போன் வழியாகவே கிடைப்பார். அம்மாவின் நோயைப் பத்து வயதுப் பேரனை வைத்து விளக்க வேண்டாம்.

படி 5: படிவமும் கணக்கும்

சலுகைக்கு இரண்டை மட்டும்தான் பார்ப்பார்கள்: குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு. வங்கிச் சேமிப்பு, கார் எல்லாம் கணக்கில் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நால்வர் குடும்பம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளச் சீட்டில், பிடித்தங்களுக்கு முன் 1,540 டாலர் என்று இருக்கிறது. இதை மாதம் இரண்டு என்று வைத்து 24-ஆல் பெருக்கக் கூடாது. வருடத்தில் 26 சம்பளம் வரும். ஆக 40,040 டாலர். 2025-க்கான மத்திய அரசின் வறுமைக் கோடு நால்வருக்கு 32,150 டாலர். இவர்கள் அதில் சுமார் 125 சதவீதத்தில் இருக்கிறார்கள். 100 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் பெயரளவுக் கட்டணம் மட்டும், அல்லது அதுவும் கிடையாது. 100-க்கு மேல் 200 வரை படிப்படியாகத் தள்ளுபடி. அதற்காக இவர்களுக்குப் பாதிச் சலுகையாவது கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு என்பதை அந்தந்த மையம் வகுக்கிறது, அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சம்பளச் சீட்டு, போன வருட வரித் தாள், முகவரிக்கு ஒரு பில் கொண்டு போங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர், வருமானமே இல்லாதவர் என்றால் நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தைப் பல மையங்கள் ஏற்கும்.

படி 6: உள்ளே போனதும்

ரத்தப் பரிசோதனை எழுதினால், “இந்த லேப் இங்கேயா, வெளியிலா?” என்று கேளுங்கள். வெளி லேப் தனியாக பில் அனுப்பலாம், உங்கள் சலுகை அங்கே செல்லாமலும் போகலாம். சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினாலும் இதே கேள்விதான். மருந்துக்கு ஜெனரிக், அதாவது கம்பெனிப் பெயர் இல்லாத மலிவான அதே மருந்தைக் கேளுங்கள். பல மையங்களுக்குக் குறைந்த விலையில் மருந்து வாங்கும் 340பி திட்டம் உண்டு. பிள்ளைகளின் தடுப்பூசிக்குக் கவலை வேண்டாம். காப்பீடு இல்லாத 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வி.எஃப்.சி. என்ற அரசுத் திட்டத்தில் தடுப்பூசி மருந்தே இலவசம், ஊசி போடுவதற்குச் சிறு கட்டணம் கேட்கலாம்.

படி 7: மருத்துவமனை பில் ஏற்கெனவே வந்துவிட்டதா?

பயந்து கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள். லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் நிதி உதவிக் கொள்கை ஒன்றை அது எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பில்லிங் அலுவலகத்தை அழைத்து “ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் அப்ளிகேஷன்” அனுப்பச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் வந்த முதல் பில்லின் தேதியிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். முழுமையான விண்ணப்பம் மருத்துவமனையின் கையில் இருக்கும்வரை, முடிவு சொல்லாமல் கடன் வரலாற்றில் பதிவு செய்வது, வழக்குப் போடுவது போன்றவற்றில் அவர்கள் இறங்கக் கூடாது. அனுப்பும் முன் எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, பேசியவர் பெயரையும் தேதியையும் பில்லின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.