முதன்முறையாக டாக் ஷோ பார்க்கப் போகிறீர்களா? ஒரே ரிங்கில் உட்காருங்கள்

பாளையங்கோட்டையில் முதல் தடவை டாக் ஷோ பார்க்கப் போன அன்று மைதானத்தை நாலைந்து முறை சுற்றி வந்தேன். லாப்ரடார், கிரேட் டேன், ராஜபாளையம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எந்த நாய்லே ஜெயிச்சுது? எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறையிலிருந்து ஒரே ரிங்கின், அதாவது நாய்களை நிறுத்திப் பார்க்கும் களத்தின், ஓரத்தில் இடம் பிடித்து உட்கார ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் ஷோ புரிந்தது.

கிளம்பும் முன்

என்ன மாதிரி ஷோ என்று முதலில் விசாரியுங்கள். உள்ளூர்க் கண்காட்சி என்றால் வீட்டில் வளரும் எந்த நாயும் வரலாம். ஆரோக்கியம், பராமரிப்பு, சொன்ன பேச்சு கேட்பது எல்லாம் பார்ப்பார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா விதிப்படி நடக்கும் சாம்பியன்ஷிப் ஷோ வேறு. 1896இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே இனம் பதிவான நாய்கள்தான் போட்டியிடும். நான் இங்கே சொல்வது இந்த வகையைப் பற்றி.

காலையிலேயே போய்விடுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். நம்மூர் வெயில் ஏறிவிட்டால் அவை துவண்டுவிடும். தொப்பியோ துண்டோ போதும். ரிங் பக்கத்தில் குடையைப் பட்டென்று விரித்தால் நாய்கள் மிரளும். உங்கள் வீட்டு நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ரிங்கில் நடப்பது என்ன

வாசலில் கேட்டலாக், அதாவது போட்டியிடும் நாய்களின் பட்டியல், கிடைத்தால் வாங்குங்கள். நாயை ரிங்குக்குள் கூட்டிவரும் ஹேண்ட்லரின் கையில் கட்டியிருக்கும் எண்ணை அதில் பார்த்தால் நாயின் வயது, தாய் தகப்பன் விவரம் தெரியும். குட்டிகள், இளசுகள், வளர்ந்தவை என்று வயதுவாரியாக, ஆணும் பெண்ணும் தனித்தனியாக வரும். கடைசியில் அந்த இனத்தில் சிறந்தது ஒன்று தேறும். இனங்களை வகைவகையாகப் பிரித்திருப்பார்கள், அதைத்தான் குரூப் என்பார்கள். அது தன் குரூப்பில் மற்ற இனங்களோடு மோதும். குரூப்பில் ஜெயித்தவை சாயங்காலம் 'பெஸ்ட் இன் ஷோ'வுக்கு நிற்கும்.

மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், அப்புறம் நடக்கவிட்டுப் பார்ப்பார் இல்லையா? நடுவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். நாயை அசையாமல் நிறுத்தி, உதட்டை விலக்கிப் பல் பார்ப்பார். பெரும்பாலான இனங்களில் மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி, கத்தரிக்கோல் மாதிரி முன்னால் இறங்க வேண்டும். ஆண் நாய்க்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சின்ன நாய்களை மேசைமேல் ஏற்றிப் பார்ப்பார். பிறகு ஓடச் சொல்வார்: நேராகப் போய்த் திரும்பும்போது கால் கோணுகிறதா, பக்கவாட்டில் பார்க்கும்போது எட்டி வைக்கும் அடி எவ்வளவு நீளம் என்று கவனிப்பார். ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் உண்டு. எந்த நாய் அதற்கு மிக நெருங்கி நிற்கிறதோ அதற்குப் பரிசு. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது தோற்பதற்குக் காரணம் இதுதான்.

நம் நாய்கள் வரும் நேரம்

எந்த ரிங்கில் உட்கார்வது என்று குழப்பமாக இருந்தால், நம் நாட்டு இனங்கள் வரும் ரிங்கைத் தேர்ந்தெடுங்கள். பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக ராஜபாளையம் வரும். 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற நாய் அது. கறுப்பு உடம்பில், கண்ணுக்கு மேலே பொட்டு வைத்தாற்போல் செம்பழுப்புப் புள்ளியோடு வருவது கன்னி. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயலை விரட்டிய சிப்பிப்பாறையும் வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக்கு இடமில்லை. ஆனால் உடம்பு இன்னும் ஓடுவதற்கென்றே இருக்கிறது: ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்.

ஒரு சிப்பிப்பாறை நின்றுகொண்டிருந்தபோது என் பக்கத்தில் இருந்த ஆச்சி, "ஏய்யா, இதுக்குச் சோறே வைக்கிறதில்லையா?" என்று கேட்டார். வளர்த்தவர் பொறுமையாக, "வைக்கேன் ஆச்சி. வயிறு தொங்கினா இது எப்படி ஓடும்?" என்றார். கடைசி இரண்டு விலாவும் இடுப்பெலும்பும் லேசாகத் தெரிவது இந்த வகை நாய்க்கு இயல்பு.

இன்னொன்று கவனியுங்கள். இந்த நாய்கள் அந்நியரிடம் சட்டென்று ஒட்டாது. நடுவர் கை வைத்ததும் அந்தச் சிப்பிப்பாறையின் வால் கால்களுக்கிடையே போய்விட்டது. ஹேண்ட்லர் அதட்டவில்லை. மண்டியிட்டு, அவித்த ஈரல் துண்டு ஒன்றை மூக்கருகே காட்டி, மெதுவாகப் பேசினார். வால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பரிசு வேறு நாய்க்குப் போனது. ஆனால் நான் அன்று பார்த்ததில் மனசில் நின்றது அந்த ஒரு நிமிடம்தான்.

தொடலாமா?

ரிங்குக்குள் போகக் காத்திருக்கும் நாயைத் தொடாதீர்கள். மணிக்கணக்கில் சீவி நிறுத்தியிருப்பார்கள். போட்டி முடிந்த பிறகு, "அண்ணாச்சி, தொட்டுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். நாய் முதலில் உங்களை மோந்து பார்க்கட்டும். அப்புறம் நெஞ்சுப் பக்கமோ தோள்பட்டையிலோ தடவுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவதும் முகத்தோடு முகம் வைப்பதும் வேண்டாம். தப்பித்தவறிக் கடிபட்டாலோ கீறல் விழுந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மைதானத்திலேயே குட்டி விலை பேசாதீர்கள். வளர்ப்பவரின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் அவர் வீட்டுக்குப் போய்த் தாய் நாயையும் பதிவுச் சான்றையும் பாருங்கள். வெள்ளைக் குட்டி என்றால் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். ராஜபாளையத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு.

உங்கள் வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால், திரும்பியதும் செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கைகால் கழுவி, உடுப்பை மாற்றிய பிறகு குட்டியைத் தூக்குங்கள்.