சுபாரு டபிள்யூஆர்எக்ஸுக்கு மட்ஃபிளாப் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை காரைக் கழுவும்போது கதவுக்குக் கீழேயும், பின்சக்கரத்துக்கு முன்னால் புடைத்திருக்கும் இடத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால், பெரும்பாலும் அது கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடம்தான். அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் சாலையில் உப்பும் மணலும் தூவுவார்கள். அங்கே இப்படிப் பெயர்ந்த இடத்தில் சீக்கிரமே துரு ஏறிவிடும்.

அந்தக் கல்லை வீசுவது முன்சக்கரம். அதைத் தடுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடும் மறைப்புதான் மட்ஃபிளாப். பலர் இதைக் கவனிக்காமல் பின்பக்கத்துக்கு மட்டும் மட்ஃபிளாப் வாங்குகிறார்கள். அது பின் பம்பரையும் பின்னால் வருபவரின் கண்ணாடியையும்தான் காக்கும். ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் முன்ஜோடியை வாங்குங்கள்.

அடுத்தது அகலம். 2022 மாடலில் 18 அங்குல வீல் உள்ள வகைகளுக்கு 245 மில்லிமீட்டர் அகல டயர் வரும். அதை மாற்றி 265 போட்டால் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் கூடுகிறது. வீலின் ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) குறைந்தால் டயர் இன்னும் வெளியே வரும். மென்மையான ஸ்போர்ட்ஸ் டயர் சூடானதும் பொடிக்கல்லை ஒட்டி எடுத்து வீசும். அதனால் இப்போது மாட்டியிருக்கும் டயரை அளந்து, அதை முழுதாக மறைக்கும் மட்ஃபிளாப்பை எடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. பளபளக்கும் பெயின்டின்மேல் நேரடியாக மட்ஃபிளாப்பை அழுத்தி ஸ்க்ரூ போட்டுவிடுகிறார்கள். விளிம்புக்கும் பெயின்டுக்கும் நடுவில் நுண்மணல் புகும். கார் ஓடும்போது வரும் அதிர்வில் அந்த மணல் உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்க்கும்போது மட்ஃபிளாப்பின் வடிவத்திலேயே பெயின்ட் போயிருக்கும். மாட்டும் முன் அந்த இடத்தில் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள், அல்லது வாஷர் வைத்துச் சிறு இடைவெளி விடுங்கள். குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிக் கழுவுவதும் அவசியம். ஃபெண்டர் தகரத்தில், அதாவது சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடியில், புதுத் துளை போடவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ, கிளிப் துளைகளில் உட்காரும்படி இந்த மாடலுக்கென்றே செய்த செட்டுகள் கிடைக்கின்றன.

ராலி கார் போலப் பெரிதாகத் தொங்கும் மட்ஃபிளாப் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் தாழ்வான காரில் அது வேகத்தடையில் உரசும். கடினமான பிளாஸ்டிக் அங்கே உடைந்துவிடும். பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருள் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கும் இடிக்கவில்லையா என்று பாருங்கள். அப்புறம், ரிவர்ஸில் நிறுத்தும்போது பின்சக்கரம் தடுப்புக்கல்லைத் தொடுவதற்குள் நிறுத்திவிடுங்கள். டயருக்கும் கல்லுக்கும் இடையே மட்ஃபிளாப் சிக்கினால் பம்பரின் கிளிப்பையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.