ஸ்காட்லாந்து செல்லும் வேலூர்ச் செவிலியர்கள் ஸ்காட்ஸ் சொற்களைப் பழகும் முறை

வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து, ஆங்கிலத் தேர்விலும் தேறி ஸ்காட்லாந்துக்குப் பணிக்குச் செல்கிறவர்களுக்கு, அங்கே வார்டில் இருக்கும் முதியவர்களின் பேச்சு முதலில் பிடிபடாமல் போகலாம். அதைக் கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பழைய ஆங்கிலத்தின் வடபகுதி வழக்கிலிருந்து தனியாக வளர்ந்த ஸ்காட்ஸ் மொழி அது. ஸ்காட்லாந்தில் பேசப்படும் கேலிக் என்பது வேறு மொழி. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிந்திருக்கிறார்கள்.

சொற்களை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒலி மாற்றங்களைப் பழகிக்கொள்ளுங்கள். ‘ஹவுஸ்’ அங்கே ‘ஹூஸ்’ ஆகும், ‘அவுட்’ ‘ஊட்’ ஆகும். ‘ஹோம்’ ‘ஹேம்’ என்றும், ‘ஹெட்’ ‘ஹீட்’ என்றும், ‘ஆல்’ லகரத்தை இழந்து ‘ஆ’ என்றும் ஒலிக்கும். ஆகவே ‘சேர் ஹீட்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தலைவலி என்று பொருள். தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலியும் உண்டு. அதை இங்கே ‘ஃஹ்’ என்று குறிக்கிறேன். இரவு ‘நிஃஹ்ட்’, மூட்டமான ஈர வானிலை ‘ட்ரீஃஹ்’. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து உருதுக் குடும்பங்களில் ‘கபர்’ என்ற சொல்லின் முதல் ஒலியைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் வரும்; மற்றவர்கள் உருது பேசும் தோழியிடம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகலாம்.

அடுத்ததாக உடலையும் நோயையும் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆக்ஸ்டர்’ அக்குள், ‘லக்’ காது, ‘த்ராப்பிள்’ தொண்டை, ‘ஸ்கெல்ஃப்’ தோலில் ஏறிய சிராய். ‘ஜாக்’ என்றால் ஊசி, ‘ஸ்டூக்கி’ என்றால் மாவுக்கட்டு, ‘போக்’ என்றால் குமட்டல், ‘ஹோஸ்ட்’ என்றால் இருமல். சோர்ந்து துவண்டவர் தம்மை ‘வாபிட்’ என்பார்; முகம் வெளிறியவரைப் பார்த்து ‘பீலி வாலி’ என்பார்கள். குழந்தையைக் கிளாஸ்கோவில் ‘வேன்’ என்றும், கிழக்கிலும் வடக்கிலும் ‘பேர்ன்’ என்றும் சொல்வார்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒலியைத் தமிழெழுத்தில் எழுதினால் குறில் நெடில் தெளிவாக நிற்கும். ஆனால் ‘போக்’ என்பதன் முதல் ஒலி ‘பல்’லில் வரும் வல்லோசையா ‘பஸ்’ஸில் வரும் மெல்லோசையா என்பது தமிழெழுத்தில் தெரியாது என்பதால், ஆங்கில எழுத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எழுத்துக்கூட்டல் இம்மொழியில் ஒரே வடிவில் நிலைபெறவில்லை. அதே ‘போக்’ பி-ஓ-ஏ-கே என்றும் வரும், பி-ஓ-கே-ஈ என்றும் வரும். ‘பீலி’யின் இறுதியில் சிலர் ஒய் போடுவார்கள், சிலர் ஐ-ஈ போடுவார்கள். இவற்றில் எது சரி என்று தேடிக் களைக்காமல், எல்லா வடிவங்களையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். ‘நல்ல’ என்ற பொருளில் ஜி-யு-ஐ-டி என்று எழுதப்படும் சொல்லைக் கிளாஸ்கோவில் ‘கிட்’ என்றும், அபர்டீன் பக்கம் ‘குவீட்’ என்றும் உச்சரிப்பதால், எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். ஐயம் எழும்போது, 2004 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்காட்ஸ் மொழி அகராதியில் தேடலாம். அது பழைய எழுத்து வடிவங்களையும் காட்டும்.

ஆங்கிலச் சொல்போலவே இருந்து வேறு பொருள் தருபவற்றைச் சிவப்பு மையால் எழுதுவது என் பரிந்துரை, ஏனெனில் தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே வார்டில் அதிகம் குழப்பும். ‘கிரீட்’ என்றால் அழுவது. ‘பீஸ்’ என்றால் சாண்ட்விச். ‘மெசேஜஸ்’ என்றால் கடையில் வாங்கும் சாமான். ‘ஸ்டே’ என்றால் குடியிருப்பது. ‘ஹவ்’ என்று தொடங்கும் கேள்வி பல வேளைகளில் ‘ஏன்’ என்பதாகவே இருக்கும்.

அபர்டீனில் பணி கிடைத்தவர்கள் இன்னொன்றையும் பழக வேண்டும். அங்கே ‘வாட்’ ‘ஃபிட்’ ஆகும், ‘வேர்’ ‘ஃபார்’ ஆகும், ‘ஃபிட் லைக்?’ என்று கேட்டால் நலம் விசாரிக்கிறார்கள் என்று அறிந்து, உங்களுக்கு வரும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுங்கள்.