நடவுப் பாட்டும் பம்புசெட் சுருதியும்: நாட்டுப்பாட்டோடு மின்னிசை சேர்க்கும் முறை

நடவு வயலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தம்புராவும் இல்லை, காலம் தட்டிக்காட்டும் மெட்ரனோமும் இல்லை. பாடப்பாடச் சுருதி மெல்ல ஏறும், காலமும் கொஞ்சம் ஓடும். சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் போட்டு, மென்பொருளின் தாளக் கட்டமான கிரிட்டில் நிறுத்தினால் அந்தப் பாட்டின் உயிர் போய்விடும். குரல் இருக்கிற இடத்துக்குத்தான் கருவிகள் வரவேண்டும்.

எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று பாடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பேசிய தொகையை அன்றே கொடுத்துவிடுங்கள்.

ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். பாட்டின் உச்சம் -18 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால்தான் குலவைக்கு இடம் இருக்கும். குலவை திடீரென்று எழும். -6 வரை ஏற்றி வைத்திருந்தால் சத்தம் கிழிந்துவிடும், கிழிந்ததை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. மைக்குக்கு ரோம உறை கட்டாயம். பாட்டு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சேற்றிலிருந்து காலை எடுக்கும் சத்தம், நாற்றுமுடியை உதறும் சத்தம், வாய்க்கால் தண்ணீர், யாரும் பேசாத வயல் எல்லாவற்றையும் தனித்தனியாக இரண்டு நிமிடமாவது எடுங்கள். இவைதான் பிறகு உங்கள் தாளக் கருவிகள், உங்கள் ஹைஹேட்டும் ஷேக்கரும்.

சுருதிக்கு சின்த் (மின்னொலி எழுப்பும் கருவி) தேடவேண்டாம், பம்புசெட் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரின் ரீங்காரத்தில் 100 ஹெர்ட்ஸ் தூக்கலாக நிற்கும். 5 கட்டைச் சுருதியின் (மேற்கத்திய G) கீழ்ஸ்தாயி சட்ஜம் 98 ஹெர்ட்ஸ். மோட்டார் அதற்கு 35 சென்ட் மேலே இருக்கிறது (அரைக் கட்டைக்கு 100 சென்ட்). பாடகி 5 கட்டை என்றால் ரீங்காரத்தை 35 சென்ட் இறக்குங்கள், ஐந்தரைக் கட்டை என்றால் 65 சென்ட் ஏற்றுங்கள். இப்படி ஏற்றி இறக்கும் முன்பே, ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 100, 200, 300 ஹெர்ட்ஸை மட்டும் குறுகலாகத் தூக்கி, மற்றதைத் தணித்தால் இரைச்சல் போய்ச் சுருதி நிற்கும். மூன்றாம் சரணத்தில் அவர் குரல் 20 சென்ட் ஏறியிருந்தால் ரீங்காரத்தையும் கூடவே ஏற்றுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு மாலை முழுதும் செலவழித்தாலும் தகும்.

டெம்போவிலும் அப்படியே. குரலை இழுக்காமல், ஒவ்வொரு அடியின் முதல் தட்டிலும் டெம்போக் குறி வையுங்கள். கிரிட் வளைந்து கொடுக்கும். பாட்டு மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடை என்றால் புராஜெக்டை 6/8க்கு (ஆறு தட்டுச் சுற்று) மாற்றுங்கள். மென்பொருள் தானாகத் தரும் நான்கு தட்டு 4/4இல் விட்டுவிட்டுப் பதினாறு தட்டு ஹைஹேட் ஓட்டினால் பாட்டு நொண்டும்.

பறை சேர்ப்பதானால், காய்ச்சிய சூட்டோடு முதல் சில நிமிடங்களிலேயே பதிந்துவிடுங்கள். ஆற ஆறத் தோல் தொய்ந்து சுருதி இறங்கும், முதல் லூப்பும் கடைசி லூப்பும் ஒட்டாது. கிக்கை (மின்னிசையின் அடித்தட்டு) 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்துக்கொண்டு மேலே உள்ள இடத்தைப் பறைக்கு விடுங்கள்.

அவர்கள் வரிகளை நீங்கள் திருத்த வேண்டாம். உங்கள் சொந்த வரிகளை அதே நடையில் எழுதி, எதிர்ப்பாட்டாக வையுங்கள்:

மேட்டு நிலம் காயுதடி, மோட்டாரு தூங்குதடி
கேட்ட மழை வரலையடி, கேணி வறண்டதடி

மேட்டு–கேட்ட எதுகை, கேட்ட–கேணி மோனை. இந்த இரண்டும் இருந்தால் வரி வாயில் தானாக உட்காரும். எழுதியதும் குனிந்து, பின்னால் காலெடுத்து வைத்துக்கொண்டே பாடிப்பாருங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.